அப்பாவின் ஃபிலிம் கேமரா: செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: அப்பா பயன்படுத்திய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா என்னிடம் வந்திருக்கிறது. மாதம் ஒருமுறை வெளியே போகும்போதும், குடும்ப விசேஷங்களிலும் படம் எடுப்பேன். கையில் ஒரு கேமரா இருக்கும்போது டிஜிட்டல் கேமராவுக்குப் பெரிய தொகை எதற்கு? ஃபிலிமே சிக்கனம்தானே, ஐயா?

பதில்: கேமராவுக்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால், ஃபிலிமில் செலவு ஒவ்வொரு ரோலிலும் வந்துகொண்டே இருக்கும். டிஜிட்டலில் பெரும் பகுதி முதல் நாளே போய்விடும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க ஒரு சிறு கணக்குப் போதும்.

ரோலின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் அல்லது பிரிண்ட் போடும் கூலி மூன்றையும் கூட்டுங்கள். அதுதான் ஒரு ரோலின் உண்மையான செலவு. பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். பிறகு, நீங்கள் வாங்க நினைக்கும் டிஜிட்டல் கேமராவின் விலையை அந்தத் தொகையால் வகுங்கள். விடை 40 என்று வந்தால், மாதம் ஒரு ரோல் எடுப்பவருக்கு அந்தக் கேமராவின் விலை ஃபிலிமிலேயே கரைய 3 ஆண்டு 4 மாதம் ஆகும். மாதம் இரண்டு ரோல் என்றால் 20 மாதம். மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, படங்களைப் பத்திரப்படுத்த ஒரு ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றையும் டிஜிட்டல் பக்கத்தில் மறக்காமல் சேருங்கள்.

'டிஜிட்டலில் ஒரே நாளில் 300 படம் எடுக்கலாம், ஒரு ரோலுக்கு 36 படம் என்றால் ஃபிலிமில் அதற்கு எட்டு ரோலுக்கு மேல் ஆகும்' என்று சொல்பவர்கள் உண்டு. இந்த ஒப்பீட்டை நான் ஏற்கமாட்டேன். ஃபிலிம் கையில் இருந்தால் அந்த 300 படங்களை நீங்கள் எடுத்திருக்கவே மாட்டீர்கள். எடுக்காத படத்தில் மிச்சம் பிடித்ததாகக் கணக்கு எழுத முடியாது. ஆல்பத்தில் வைக்கத் தகுந்த படம் ஒன்றுக்கு என்ன செலவு என்று பாருங்கள். 36 படத்தில் கண் மூடியது, கை ஆடியது, வெளிச்சம் போதாதது எல்லாம் போக 18 தேறினால், ஒரு படத்தின் செலவு இரு மடங்காகிவிடுகிறது.

இப்போது என் முடிவு. டிஜிட்டல் கேமரா வாங்காதீர்கள். உங்கள் கைபேசி ஓரளவு நல்லதாக இருந்தால், அன்றாடப் படங்களுக்கு அதுவே போதும். அதற்கான பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். அப்பாவின் கேமராவுக்கு ஆண்டுக்கு ஆறு ரோல் என்று பொழுதுபோக்குச் செலவில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். அந்தக் கேமராவில் படம் எடுக்கும் மகிழ்ச்சிக்காக ஆகும் செலவு அது. அதைச் சிக்கனம் என்று பெயரிட்டு உங்களை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். ஓராண்டு கழித்து, ஆறும் போதவில்லை, ஓடியாடும் குழந்தைகள் கைபேசியில் சரியாக விழவில்லை என்று தோன்றினால், பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பாருங்கள். புதிதாக வாங்கியவர் விலைச் சரிவின் பெரும் பகுதியை ஏற்கெனவே சுமந்திருப்பார்.

முதல் ரோலை விசேஷத்துக்கு எடுத்துச் செல்லாமல் வீட்டுக்குள் சோதித்துப் பாருங்கள். பின்மூடியின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் பொடிந்திருந்தால் வெளிச்சம் கசிந்து ரோல் முழுவதும் வீணாகக்கூடும். சில பழைய கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு ஏற்றவை, 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி தவறாகக் காட்டக்கூடும். ரோலைப் பொருத்தித் தளர்வை இழுத்த பின், ஒவ்வொரு முறை ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போதும், ஃபிலிமைத் திரும்பச் சுற்றுவதற்கான இடப்பக்க ரிவைண்ட் குமிழ் சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலாவிட்டால் ஃபிலிம் நகரவில்லை. 36 முறை கிளிக் செய்தாலும் வெற்று ரோல்தான் வரும். கழுவக் கொடுக்கும்போது, ஸ்கேன் மட்டும் போதும் என்று சொல்லிவிடாமல், நெகட்டிவைத் திரும்பத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.