நல்ல காசைப் பிடித்து வைத்த மெஷின்

கேள்வி: காசு போட்டால் இயங்கும் பழைய மெஷின்களுக்குள் எதிர்பாராத எதையாவது கண்டிருக்கிறீர்களா?

இலங்கையில், திருகோணமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை வாசலில் என் மாமா நிறை பார்க்கிற மெஷின் ஒன்று வைத்திருந்தார். ஏறி நின்று காசைப் போட்டால் நிறை அச்சடித்த அட்டை விழும், மறுபக்கத்தில் பலன். மாதம் ஒருமுறை அதைத் திறப்பது என் வேலை. கடற்காற்றில் பூட்டு கறள் பிடித்து, திறப்பு லேசில் திரும்பாது.

பெட்டிக்குள் அடிக்கடி கண்டது ஈயம். வலையில் கட்டுகிற ஈயக்குண்டைத் தட்டி, வெட்டி, 5 ரூபாக் குற்றியின் அளவுக்கே கொண்டுவந்திருப்பாங்கள். சிலதில் ஓரம்கூட அரத்தால் தேய்த்திருக்கும். வெறும் 5 ரூபாவுக்காக ஒருவன் இவ்வளவு மினக்கெட்டிருப்பான் என்று நான் நம்பவில்லை. மெஷினை ஏய்ப்பதில் ஒரு ருசி.

இரும்பு வொஷர் மட்டும் பெட்டிவரை வராது. காசு இறங்கும் வழியில் ஒரு காந்தம் இருந்தது, அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஈயமும் பழைய பித்தளைக் காசும் அதில் ஒட்டாது.

கூத்து தொடங்கியது 2005க்குப் பிறகு. அந்த வருடம் வந்த புதிய 5 ரூபா, பித்தளை பூசிய உருக்கு. அதே அகலம், எடை குறைவு. ஒரு நாள் திறந்தால் நல்ல காசெல்லாம் காந்தத்தில் குலைகுலையாகத் தொங்குது. பெட்டிக்குள் முக்கால்வாசி ஈயம்.

"நல்லவனைப் பிடிச்சு வச்சிட்டு கள்ளனை உள்ள விட்டிருக்கடா" என்றார் மாமா.

காந்தத்தைக் கழற்றினோம். அடுத்த மாதம் பெட்டி நிறைய வொஷர்.

கடைசியாக மெஷினை அக்கக்காகக் கழற்றியபோது, அடித்தகட்டின் கீழே பல்லி முட்டை ஓடுகளோடு இரண்டு இந்திய ஐம்பது பைசாக்கள் கிடந்தன. சிங்கத் தலைகள் தெளிவாகவே இருந்தன. மெஷின் ஒரு ரூபாவுக்கு ஓடிய காலத்தில் விழுந்ததாக இருக்க வேண்டும். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இங்கே இருந்ததே, அதில் யாரோ ஒரு சிப்பாய் நின்று நிறை பார்த்திருப்பான் என்பது என் ஊகம். அந்த அட்டையை வீட்டுக்குக் கடிதத்தோடு அனுப்பினானோ என்னவோ. பைசா இரண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.

ஈயத்தை மாமா எறியவில்லை. சேர்த்து வைத்து, கடற்கரையில் வலைகாரரிடமே கிலோ கணக்கில் நிறுத்து விற்றார். அந்த மெஷினில் அவர் கண்ட நல்ல லாபம் அதுதான் என்பார்.