பழகிப்போன மூக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன வாரம் எங்கள் வீட்டில் நடந்தது இது. சிம்மில் வைத்திருந்த அடுப்பு ஜன்னல் காற்றில் அணைந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், கால் மணி நேரம் இருக்கும். வெளியே போயிருந்த மகள் வாசற்படியில் கால் வைத்ததுமே “அப்பா, கேஸ்!” என்று கத்தினாள். “உனக்கு எப்பவும் பிரமைதான்” என்று அவளையே கடிந்துகொண்டேன். அடுப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எனக்கு 58 வயது, கொரோனா வந்து போன உடம்பு. மூக்கு போய்விட்டதா? இன்னொன்று. எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டியது. குடிவந்த புதிதில் தூக்கமே இல்லை. இப்போது ரயில் போவதே காதில் விழுவதில்லை. இரண்டும் ஒன்றுதானா? வயதானால் புலன்கள் சோர்ந்துவிடுமா?

எஸ்., பெருங்களத்தூர்

*

அன்புள்ள எஸ்.,

முதலில் மகளிடம் “நீ சொன்னதுதான் சரி” என்று சொல்லிவிடுங்கள்.

“பழகிப்போச்சு” என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் உங்கள் மூக்கு பழகியது ஓரிடத்தில், காது பழகியது வேறோரிடத்தில். சோர்வு என்ற சொல் இரண்டுக்குமே பொருந்தாது.

மூக்கின் மேற்கூரையில் மணத்தை வாங்கும் செல்கள் இருக்கின்றன. மனிதனுக்கு அவற்றில் ஏறக்குறைய 400 வகை வாங்கிகள். இவற்றின் மரபணுக்களைக் கண்டதாக லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991இல் எழுதிய கட்டுரைக்குத்தான் 2004இல் நோபல் கிடைத்தது. மண மூலக்கூறு வந்து ஒட்டியதும் செல்லின் சவ்வில் சின்னச் சின்ன வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, மூளைக்குச் செய்தி கிளம்புகிறது. வேடிக்கை இனிமேல்தான். உள்ளே வந்த அதே கால்சியம் அந்த வாயில்களின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. அழைப்புமணியை அடித்தவனே உள்ளே வந்து அதன் ஒயரைத் தளர்த்திவிடுவது மாதிரி. மணம் அப்படியேதான் இருக்கும், செய்தி மட்டும் நிமிடங்களில் மெலிந்துபோகும். மூளையும் தன் பங்குக்குக் கொஞ்சம் அடக்கும், ஆனால் தொடக்கம் மூக்கிலேயே.

சமையல் எரிவாயுவுக்குத் தனக்கென்று மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்கேப்டன் என்ற நாறும் பொருளைத் துளியூண்டு கலக்கிறார்கள். உங்கள் சமையலறையில் அது ஒரேயடியாக வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அது ஏற ஏற உங்கள் மூக்கும் தன்னைச் சரிசெய்துகொண்டே போனது. போதாக்குறைக்கு இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். உங்கள் மகள் வெளிக்காற்றிலிருந்து நேராக உள்ளே வந்தாள். அவளுக்குக் கிடைத்தது நாற்றம் மட்டுமல்ல, வித்தியாசமும்.

கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் என்ற உடலியலாளர் 1926இல் தவளையின் தசையில் எடையைத் தொங்கவிட்டு, அதன் நரம்பில் ஓடும் துடிப்புகளைப் பதிவுசெய்தார். எடை ஏறியதும் துடிப்புகள் சடசடவென்று வந்தன. எடை அப்படியே தொங்கிக்கொண்டிருக்க, துடிப்புகள் வரவரக் குறைந்தன. தோள்மேல் கிடக்கும் துண்டு நமக்கு மறந்துபோவதும் இப்படித்தான். பல்வலிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கண்ணின் கதை இன்னும் நீளம். மேட்னி ஷோவுக்குள் நுழைந்தால் முதலில் படிக்கட்டே தெரியாது. கண்பாப்பா விரிவது சில நொடி வேலை. முழு இருட்டுக்குக் கண் பழக அரை மணிக்கு மேல் ஆகும், வெளிச்சத்தில் வெளுத்துப்போன நிறமிப் பொருள் மறுபடி உருவாக வேண்டும். அதற்கு வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் மாலைக்கண் நோய் வரும்.

இனி ரயில். உங்கள் காது ரயிலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மாஸ்கோவில் யெவ்கெனி சோகொலோவ் என்ற உளவியலாளர் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, உடம்பு அதற்குக் காட்டும் எதிர்வினையை அளந்தார். சிறிது நேரத்தில் எதிர்வினை நின்றுபோனது. பிறகு அதே ஒலியைக் கொஞ்சம் சத்தம் குறைத்து ஒலிக்கவிட்டார். எதிர்வினை திரும்பி வந்துவிட்டது! காது சோர்ந்திருந்தால் பலமான ஒலிக்கு எழாதது மெலிந்த ஒலிக்கு எழுமா? மூளை அந்த ஒலியின் அச்சு ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, பொருந்தினால் “சரி, போ” என்று விட்டுவிடுகிறது. நியூயார்க்கில் மூன்றாவது அவென்யூவின் மேம்பால ரயில் 1955இல் நின்றபோது, வழக்கமாக ரயில் போகும் நேரங்களில் மக்கள் விழித்துக்கொண்டு ஏதோ சரியில்லை என்று போலீசுக்குப் போன் செய்ததாக நரம்பியலாளர் கார்ல் பிரிப்ராம் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் மெருகேறிய கதையாக இருக்கலாம், ஆனால் எனக்குப் பிடித்தது.

காது நிஜமாகவே சோர்வதும் உண்டு. திருவிழாவில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தால் பஞ்சடைத்த மாதிரி இருக்குமே, அது. அதைப் பழக்கம் என்று சொல்லாதீர்கள், அடிபட்ட காது அது.

மூக்கு விஷயத்தில் ஒன்று என்னை எப்போதும் நடுங்கவைக்கும். கழிவுநீர்த் தொட்டிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டையாக நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மணவுணர்வையே முடக்கிவிடும். இது பழக்கமே அல்ல, நஞ்சு. “நாத்தம் போயிடுச்சு” என்று உள்ளே இருப்பவர் சொல்லும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 2013இலேயே சட்டம் வந்தும் மனிதர்களை இன்னமும் அதற்குள் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் மூக்கைச் சோதிப்பது எளிது. மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு காப்பிப்பொடி, பெருங்காயம், எலுமிச்சைத் தோல் மூன்றையும் மோந்து பாருங்கள். வேறு யாராவது மாற்றி மாற்றி நீட்டட்டும். எது எதுவென்று சொல்ல முடியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கொரோனாவுக்குப் பின் மணம் குறைந்தவர்கள் நிறையப் பேர். கேஸ் கசிந்தால் கூப்பிட 1906 என்ற எண் இருக்கிறது, அடுப்பு மேடையில் ஒட்டிவையுங்கள்.

என் மனைவி ஊரிலிருந்து திரும்பினால் பையை வைப்பதற்கு முன் வாசலில் நின்று வீட்டை ஒருமுறை மோந்து பார்ப்பாள். போன தடவை, கூடையின் அடியில் உருளைக்கிழங்கு அழுகியிருப்பதை அங்கிருந்தே சொன்னாள். நான்கு நாளாக அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
நா.