வெட்டாத ஷொட்

கேள்வி: யூதப் படுகொலை நடக்கவேயில்லை என்று வட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. ஆவணப்படமும் வெட்டி ஒட்டுவதுதானே, எதை நம்புவது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நியாயமான சந்தேகம்தான். எடிட்டிங் மேசையில் சோறு தின்ற எனக்கு வெட்டின் வித்தை தெரியும். திகில் பட இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக்குக்கும் தெரியும். 1945 ஏப்ரலில் ஜேர்மனியின் பேர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமில் பிரித்தானியப் படைக் கமராக்காரர்கள் பிடித்த காட்சிகளைத் தொகுத்தபோது, நீண்ட ஷொட்களை வெட்டாமல் வைக்கச் சொன்னவர் அவர். பிணக்குழியிலிருந்து கமரா மெல்லத் திரும்ப, ஓரத்தில் நிற்கவைக்கப்பட்ட உள்ளூர் ஜேர்மன் அதிகாரிகள் தெரிவார்கள். இடையில் வெட்டே இல்லை. ஒட்டுவேலை என்று பின்னால் எவனும் சொல்லக்கூடாதே! அந்தப் படம் கிடப்பில் போய், 2014இல்தான் முழுமையானது. அது வேறு கதை. நாஜிகளின் சொந்தக் கடிதங்களும் கணக்குகளும் தனியாக இருக்கின்றன. சரி, உங்களுக்கு வந்த வீடியோவை ஒருக்கா நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: எந்த ஷொட்டாவது மூன்று செக்கனைத் தாண்டுகிறதா?