தலை திருகும் பால் பைத்தானும் மாட்டு உண்ணி மருந்தும்

கேள்வி: ஐயா, பொள்ளாச்சி பக்கம் தென்னையும் நாலு கறவை மாடும் வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் ‘பால் பைத்தான்’ (ball python) என்ற மலைப்பாம்பு ஒன்று வளர்க்கிறான். நாலு நாளாக அது தலையை மேலே தூக்கிப் பின்பக்கமாகத் திருகுகிறது. எலி வைத்தால் குறி தவறுகிறது, சாப்பிடுவதில்லை. புதிதாக எதுவும் மாற்றவில்லை. செதிலுக்கு இடையில் மிளகுத் தூள் மாதிரி பூச்சி ஓடியதால், மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலந்து ஒரு தடவை துடைத்துவிட்டோம், அவ்வளவுதான். இது என்ன நோய்?

பதில்: நீங்கள் ‘அவ்வளவுதான்’ என்று முடித்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். அந்த மருந்து பாட்டிலைப் பாருங்கள். டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின் என்று போட்டிருந்தால் அது நரம்பைத் தாக்கும் மருந்து. மாட்டின் உடம்பு அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். பாம்புக்கு அந்த வேகம் கிடையாது. செதில் இடுக்கிலும் தொட்டியில் போட்டிருக்கும் தேங்காய் நார்த்தூளிலும் மருந்து தங்கி, துடைத்த பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும்.

முதலில் பாம்பை வேறு அறைக்கு மாற்றுங்கள். தெளிப்பான், கொசுவர்த்தி எதுவும் அங்கே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில், தலை நனையாமல் கையில் தாங்கி, உடம்பை மெதுவாகக் கழுவுங்கள். பழைய நார்த்தூளையும் மரத் துண்டுகளையும் தூக்கிப் போடுங்கள். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, செய்தித்தாள் விரித்தால் போதும். தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாததாக இருக்கட்டும். தலை நிற்காத பாம்பு கையளவு தண்ணீரிலும் மூழ்கிவிடும். இப்போதைக்கு இரை வைக்காதீர்கள். நல்ல உடம்போடு இருக்கும் பால் பைத்தான் பல வாரம் பட்டினி தாங்கும். வாயைத் திறந்து திணிப்பதுதான் ஆபத்து.

தொட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை இருக்கிறதா என்று வெப்பமானி வைத்தே பாருங்கள். கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் சூடேற்றும் பாய் போட்டிருந்தால், அதிகச் சூட்டிலும் இதே மாதிரி தலை திருகும்.

குட்டியிலிருந்தே தலை ஆடினால் அது வேறு கதை. ‘ஸ்பைடர்’ என்ற நிற ரகத்துக்கு உள்காதில் பிறவிக் கோளாறு உண்டு. உங்களுடையது நாலு நாள் கதை. வைரஸ் நோயிலும் இந்த அறிகுறி வரும் என்பதால், மகன் வேறு பாம்பு வைத்திருந்தால் பக்கத்தில் விடக் கூடாது.

அப்புறம், நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். மல்லாத்திப் போட்டால் உடனே புரண்டுகொள்கிறதா என்று அவரே சோதிப்பார். உண்ணி மருந்து பாட்டிலைக் கையோடு கொண்டுபோய், எவ்வளவு கலந்தீர்கள், என்றைக்குத் துடைத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இந்த வகை மருந்துக்குத் தனி முறிவு மருந்து கிடையாது. நீர்ச்சத்து ஏற்றி, வலிப்பை அடக்கித்தான் காப்பாற்றப் பார்ப்பார்கள். மறைக்காதீர்கள், மறைத்தால் அவர் நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.

பூச்சிக்கும் அவரிடமே மருந்து கேளுங்கள். அதன் முட்டை தொட்டி மூலையில்தான் இருக்கும், பாம்பை மட்டும் துடைத்துப் பயனில்லை.

ஒன்று கேட்க வேண்டும்: பதிவு இருக்கிறதா? நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம். 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும். மகனிடம் அந்தச் சான்று இருந்தால் மருத்துவரிடம் போகும்போது எடுத்துப்போகச் சொல்லுங்கள்.