சூடோ போட்டும் 'பெர்மிஷன் டினைடு' வருவது ஏன்?

ஷெல் ஸ்கிரிப்டில் இன்னொரு பயனரின் கோப்பில் சூடோ (ஒரு கட்டளையை வேறொரு பயனராக, வழக்கமாக ரூட் என்ற நிர்வாகியாக, ஓட்டுவது) போட்டு எழுதினாலும் அனுமதி இல்லை என்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியது அநேகமாக 'சூடோ எக்கோ' என்று தொடங்கி, > குறி போட்டுக் கோப்பின் பெயரில் முடியும் வரியாக இருக்கும். வெளியீட்டைக் கோப்பில் எழுதச் சொல்லும் அந்தக் குறியைக் கவனிப்பது சூடோ அல்ல, நீங்கள் அடிப்பதைப் படித்து இயக்கும் உங்கள் ஷெல். சூடோ ஓடுவதற்கு முன்பே ஷெல் உங்கள் பெயரில் கோப்பைத் திறக்கப் போய் மாட்டிக்கொள்கிறது. எக்கோவுக்கு மட்டும் ரூட் அதிகாரம் கொடுத்து என்ன பயன்? வெளியீட்டைப் பைப் (| குறி) வழியாக, வந்ததைக் கோப்பில் எழுதும் 'டீ' கட்டளைக்கு அனுப்பி, சூடோவை அதற்கு முன்னால் போடுங்கள். ஏற்கெனவே இருப்பதன் கடைசியில் சேர்ப்பதென்றால் டீக்கு 'மைனஸ் ஏ' கட்டாயம், இல்லாவிட்டால் பழையதெல்லாம் போய்விடும்.

அப்புறம், ரூட்டாக எழுதாதீர்கள். 'சூடோ மைனஸ் யு' கொடுத்து அந்தப் பயனராகவே எழுதுங்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன ஸ்கிரிப்ட் ஒன்று எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சாவிகளைப் புதுப்பிக்கும். எம்கேடெம்ப் கட்டளையில் தற்காலிகக் கோப்பு, அதில் திருத்தம், பிறகு எம்வி போட்டு நகர்த்தி, அனுமதித்த சாவிகள் உள்ள 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பு இருந்த இடத்தில் வைப்பது. எல்லாம் ரூட்டாக. எம்கேடெம்ப் தரும் கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்), உரிமையாளர் ரூட். எஸ்எஸ்ஹெச் சர்வரோ அந்தக் கோப்பை உள்ளே வரும் பயனரின் உரிமையில்தான் திறக்கும். சாவி சரி, கோப்புக்குள் வரியும் சரி, ஆனால் ஒருவராலும் நுழைய முடியவில்லை. எல்லோரும் சாவியையே மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 'எல்எஸ் மைனஸ் எல்' அடித்து உரிமையாளர் பெயரைப் பார்த்தது நான்தான்.

'கடைசியில் சௌன் போட்டு உரிமையாளரை மாற்றினால் தீர்ந்தது' என்று யாராவது வருவார்கள். இந்தச் சிக்கல் தீரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயனர் தன் கோப்பை ஏதாவது சிஸ்டம் கோப்புக்குச் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) ஆக்கி வைத்திருந்தால், ரூட்டாக ஓடும் டீ நேராகப் போய் அதில் எழுதிவிடும். அந்தப் பயனராகவே ஓடினால் அவரால் தொட முடியாததை ஸ்கிரிப்டாலும் தொட முடியாது. சர்வர்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் இருக்கே என்பவர்களுக்கும் இதேதான், அங்கே எந்தப் பயனராக ஓட வேண்டும் என்று சொல்ல 'பிகம் யூசர்' இருக்கிறது.

பாதையை முழுசாக எழுதுங்கள். வீட்டு அடைவைக் குறிக்கும் ~ குறியையும் உங்கள் ஷெல்தான் விரிக்கும், அது உங்கள் வீட்டு அடைவுக்கே போகும்.

இந்த மாதிரிக் கேள்வி எங்கே வந்தாலும் 'சிஹெச்மோட் 777 போடுங்க' (எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுங்கள்) என்று ஒருவர் எழுதிவிட்டுப் போவதைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. எஸ்எஸ்ஹெச் அடைவில் அதைச் செய்து பாருங்கள்: வழக்கமான அமைப்பில் சர்வர் அந்த அனுமதியைப் பார்த்ததுமே சாவியை ஏற்க மறுத்துவிடும்.