கொழுந்தனுக்கு இன்னொரு ஜாமீன் கையெழுத்தா?

கேள்வி: என் கணவர் அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். போட்டிகளில் கார்னர்பேக்காக, அதாவது எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுக்கும் தற்காப்பு வீரராக, ஆடுகிறார். வயது 28. ஐந்து பருவங்கள் முடித்துவிட்டார். சென்ற ஆண்டு கையெழுத்தான இரண்டாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 60 லட்சம் டாலர் என்று செய்திகளில் வந்தது. ஆட்டமில்லாத மாதங்களில் சம்பளம் வராததால், வரப்போகும் சம்பளத்தைக் காட்டிப் பிப்ரவரியில் ஒரு தனியார் நிறுவனத்திடம் 3 லட்சம் டாலர் கடன் வாங்கினார். இப்படி வாங்குவது இது மூன்றாம் ஆண்டு. வட்டி 14 விழுக்காடு, கட்டணம் 4 விழுக்காடு. கொழுந்தன் வாங்கிய இரண்டு சரக்கு லாரிகளின் கடனுக்கு, 2.6 லட்சத்துக்கு, ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது கார் கழுவும் நிலையம் தொடங்க இன்னும் 4 லட்சத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மாமியாருக்கும் உறவினர் இருவருக்கும் மாதம் 9,000 டாலர் போகிறது. வீட்டுக் கடனும் குடும்பச் செலவும் மாதம் 11,000. சேமிப்பு 4.1 லட்சம் இருக்கிறது. அதைத் தொடக் கூடாது என்று வைத்திருக்கிறோம். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுமுறையில் எடுக்கும் ஏப்ரல் தேர்வில் அணி இரண்டாம் சுற்றிலேயே ஒரு கார்னர்பேக்கை எடுத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அணித் தோழர்கள் பலர், பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு எடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் கட்டி நாங்களும் எடுக்கலாமா? நான் மருந்தாளுநர், கைக்குழந்தைக்காக விடுப்பில் இருக்கிறேன்.
– டெக்சஸிலிருந்து ஒரு வாசகி

பதில்: காப்பீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது காப்பீடு இல்லாத குறையன்று, உங்கள் கணவரின் பேனா என்றே எனக்குப் பட்டது. அவசரகால நிதி, பங்கு நிதி, ஓய்வூதியம் பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, இன்னும் சம்பாதிக்காத பணத்தின் மேல் கையெழுத்துப் போடும் பழக்கத்தை மட்டும் பேசுகிறேன். பிப்ரவரிக் கடனும் கொழுந்தனுக்குப் போட்ட ஜாமீனும் பார்வைக்கு வேறு வேறு. இரண்டுக்கும் அடியில் இருப்பது அந்த 60 லட்சம் என்னும் எண்தான்.

அந்த எண்ணை முதலில் உடைத்துப் பார்ப்போம். நீங்கள் இணைத்திருந்த சுருக்கத்தின்படி கையெழுத்து ஊக்கத்தொகை 10 லட்சம், முதலாண்டு ஊதியம் 12 லட்சம். இந்த 22 லட்சம் மட்டுமே உறுதியளிக்கப்பட்டது. அது வந்தும் ஆயிற்று. எஞ்சிய 38 லட்சத்தில் 30 லட்சம் இரண்டாம் ஆண்டு ஊதியம், 8 லட்சம் ஒவ்வோர் ஆட்டத்திலும் களத்துக்குத் தயாராக இருந்தால் கிடைக்கும் தொகை. இந்த 38 லட்சத்தில் ஒரு டாலருக்குக்கூட உறுதி இல்லை. பிற தொழில்களில் ஒப்பந்தம் என்றால் இரு தரப்பையும் கட்டும்; இந்த விளையாட்டில் உறுதியளிக்கப்படாத ஆண்டு, அணிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளும் உரிமை, அவ்வளவுதான்.

வந்த 22 லட்சத்தில் கைக்கு வந்தது எவ்வளவு? டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்றாலும், கலிபோர்னியா போன்ற மாநிலங்களுக்குப் போய் ஆடிய நாள்களுக்கு அந்தந்த மாநிலம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கூட்டரசின் உச்ச வரி 37 விழுக்காடு. சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஆகியவற்றின் பிடித்தங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 8 லட்சம் வரிக்கே போயிருக்கும். ஒப்பந்தம் பேசிக்கொடுத்த முகவருக்கு வீரர் சங்கம் அனுமதிக்கும் உச்ச அளவான 3 விழுக்காடு என்று வைத்தால் 66,000. அதை வரிக் கழிவாகக் காட்டவும் இப்போது வழியில்லை. ஆக 13 லட்சத்தை ஒட்டிய தொகை உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். செய்தியில் 60, கையில் 13. கொழுந்தன் பார்ப்பது முதல் எண்ணை. கடன் கொடுத்த நிறுவனமும் கணவருக்கு அதையே காட்டிப் பேசியிருக்கும்.

இனி, இரண்டாம் சுற்றில் ஒரு கார்னர்பேக் வந்ததைப் பற்றி. நீங்கள் பயப்படுவதில் தவறு இல்லை; அணியின் கணக்காளர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் அது இன்னும் தெளிவாகும். உங்கள் கணவரை விடுவித்தால் அணிக்கு ஊதியத்தில் மட்டும் 30 லட்சம் மிஞ்சும். ஊக்கத்தொகையில் பாதி, 5 லட்சம், ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்புக் கணக்கில் இந்த ஆண்டுச் சுமையாக நிற்கும். ஆனால் அது ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணம். புதிதாக வந்த பையனின் அடிப்படை ஊதியமோ பெரும்பாலும் 2026 ஆம் ஆண்டின் தொடக்க நிலைக் குறைந்தபட்சமான 8,85,000 டாலரை ஒட்டியே இருக்கும், அவனுக்கு நான்காண்டு ஒப்பந்தமும் உண்டு. இவ்வளவுக்கும் உங்கள் கணவருக்குச் சென்ற நவம்பரில் தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டு நான்கு ஆட்டங்கள் போயின என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கார்னர்பேக்கின் வேலையே பின்னோக்கி ஓடியபடி எதிரே வருபவரின் இடுப்பைப் படித்து, அவர் திரும்பும் கணத்தில் தானும் திரும்பி, முழு வேகத்தை எட்டுவது. அதில் ஒரு சிறு தாமதம் விழுந்தால் ஆறு புள்ளிகள் போய்விடும், அதைத் திங்கட்கிழமை காலையில் பயிற்சியாளர் திரையில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். வேகம் குறைந்த பிறகு சேஃப்டியாக, அதாவது கடைசி வரிசைத் தற்காப்பு வீரராக, மாறி நீண்ட நாள் ஆடியவர்கள் உண்டு. சார்லஸ் வுட்சன் அப்படித்தான் 18 பருவங்கள் ஆடினார். ஆனால் வுட்சனை வைத்துக் குடும்ப வரவு செலவு போடுவது, ஊரில் ஒருவர் லாட்டரி அடித்ததைப் பார்த்து வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது போன்றது. மூன்று முறை முதல் நிலை நட்சத்திர அணியில் இடம்பெற்ற ரிச்சர்ட் ஷெர்மனையே, 2017 நவம்பரில் குதிகால் தசைநார் அறுந்த பிறகு, அடுத்த மார்ச்சில் சியாட்டில் அணி விடுவித்துவிட்டது.

ஆகஸ்டு இறுதியில் அணியின் 90 பேர் கொண்ட பட்டியல் 53 ஆகச் சுருங்கும்போது கணவர் பெயர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இன்னோர் அணி குறைந்தபட்ச ஊதியத்துக்கு அழைத்தால், நான்கு முதல் ஆறு பருவ அனுபவம் உள்ளவருக்கு 2026 இல் அது 12,15,000 டாலர். 18 வாரங்களுக்கு வகுத்தால் வாரம் 67,500. வரி போக முழுப் பருவத்துக்கும் 8 லட்சம் கைக்கு வரலாம். அதுவும் அமையாமல் பயிற்சிக் குழுவில் மட்டும் இடம் கிடைத்தால், வாரத்துக்கு 20,000 டாலருக்கு முன்பின்னாக, வரி போகப் பருவம் முழுவதற்கும் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் பெரிது.

எதிர்ப்பக்கத்தில் நிற்பதையும் கூட்டுங்கள். பிப்ரவரிக் கடன் வட்டியும் கட்டணமும் சேர்ந்து 3.4 லட்சம். உறவினருக்கு ஆண்டுக்கு 1.08 லட்சம். வீட்டுக்கு 1.32 லட்சம். லாரிகள் நின்றுபோனால் 2.6 லட்சம். மொத்தம் 8.4 லட்சம். நல்லபடியாக இன்னோர் அணி கிடைத்தாலும் வருமானம் முழுவதும் இதற்கே சரி; பயிற்சிக் குழு என்றால் சேமிப்பைத் துடைத்த பிறகும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் துண்டு விழும். இதன் மேல் கார் கழுவும் நிலையத்துக்காக 4 லட்சத்தையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

லாரிக் கடனை நான் சேர்த்ததைக் கணவர் ஒப்பமாட்டார். "தம்பி ஒழுங்காகக் கட்டிவருகிறான்" என்பார். கையெழுத்துப் போட்ட நாளில் அவருக்கு ஜாமீன் பத்திரத்தின் நகல் ஒன்று கொடுத்திருப்பார்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட நேரும், வாங்கியவரிடம் முதலில் வசூலிக்க முயலாமலே கடன் கொடுத்தவர் நேராக உங்களிடம் வரலாம் என்ற பொருளில் அதில் நாலைந்து வரிகள் இருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுத்து, ஞாயிறு மாலை ஆட்டம் எதுவும் இல்லாத வேளையில், இருவரும் சேர்ந்து உரக்கப் படியுங்கள். நம் ஊரில் ஜாமீன் போட்டவர் வீட்டு வாசலில் வங்கி ஆள் வந்து நின்ற கதை உங்கள் உறவிலேயே இருக்கக்கூடும். அங்கே நேரில் வரமாட்டார்கள், வருமானம் உள்ளவரைத் தேடிக் கடிதம்தான் முதலில் வரும். டெக்சஸ் கணவன் மனைவிக்குக் கூட்டுச் சொத்துரிமை உள்ள மாநிலம் என்பதால், கணவர் தனியாகப் போட்ட கையெழுத்து உங்கள் சொத்தை எந்த அளவுக்குத் தொடும் என்பதை அங்குள்ள வழக்குரைஞரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறவினர் கேட்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. 2002 தேர்வில் 17 ஆவது வீரராக ஓக்லாந்து ரெய்டர்ஸ் எடுத்த கார்னர்பேக் ஃபிலிப் புக்கானன், தன்னை 18 ஆண்டுகள் வளர்த்ததற்காகத் தாயார் 10 லட்சம் டாலர் கேட்டதாகத் தானே எழுதியிருக்கிறார். என்.எஃப்.எல். வீரர்களில் முக்கால்வாசிப் பேர் ஓரிரு ஆண்டுகளில் ஓட்டாண்டியாகிவிடுவதாக ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி மிரள வேண்டாம். 1996 முதல் 2003 வரை தேர்வானவர்களை எடுத்துக்கொண்ட பொருளியல் ஆய்வில், ஓய்வுபெற்ற 12 ஆண்டுகளுக்குள் திவால் மனு போட்டவர்கள் ஏறத்தாழ 16 விழுக்காடு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அதிகம் சம்பாதித்தவர்களும் நெடுநாள் ஆடியவர்களும் அதில் தப்பவில்லை என்பதே. ஆகவே "இன்னும் ஒரு நல்ல ஒப்பந்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கணவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது எனக்கு ஆறுதல் தரவில்லை.

பிப்ரவரிக் கடன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. 4.1 லட்சம் சேமிப்பில் 4 விழுக்காட்டுக்குக் கிடக்க, அதைத் தொடக் கூடாது என்று 14 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். சேமிப்பு இருப்பதே ஆட்டமில்லாத மாதங்களுக்காகத்தான். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று பத்திரத்தில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் இந்த மாதமே 2 லட்சத்தை அடைத்துவிடுங்கள். ஐந்து மாதத்தில் 8,000 டாலர் மிச்சம். மீதி 2.1 லட்சம், உறவினர் பணத்தைப் பாதியாக்கினால், பதின்மூன்று மாதங்களுக்கு மேல் தாங்கும். அந்தப் பாதியை மாமியாருக்கு முதலில் ஒதுக்குங்கள்; மற்ற இருவரும் உடலுழைப்புக்குத் தகுந்தவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டிலிருந்து, பருவத்தின் ஒவ்வொரு வாரக் காசோலையிலும் வரி போன பிறகு மூன்றில் ஒரு பங்கை "பிப்ரவரி" என்று பெயரிட்ட தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். கடன் நிறுவனத்தின் எண்ணைக் கணவரின் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுவதும் நல்லது.

கொழுந்தனிடம் இப்போது சொல்ல வேண்டியது, செப்டம்பரில் முதல் ஆட்டம் நடக்கும்வரை எதிலும் கையெழுத்து இல்லை என்பது மட்டும். அதற்கு ஒரு காரணமும் உண்டு. குறைந்தது நான்கு பருவங்கள் முடித்தவர் முதல் ஆட்டத்தன்று பட்டியலில் இருந்து, பிறகு விடுவிக்கப்பட்டால், அந்த ஆண்டின் மீதி ஊதியத்தைக் கோரிப் பெறும் உரிமையை வாழ்நாளில் ஒரு முறை பயன்படுத்தலாம். அன்றைக்கு 30 லட்சம் என்பது செய்தித்தாள் எண்ணாக இல்லாமல் உண்மையான எண்ணாகும். அப்போதும் ஜாமீன் வேண்டாம். உதவ மனமிருந்தால் நீங்களும் கணவரும் ஆளுக்கு 19,000 என்று 38,000 டாலரை அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள். அந்த அளவுக்குக் கொடை வரிப் படிவம்கூடத் தேவைப்படாது. கொடுத்த பணம் போனால் 38,000 உடன் நிற்கும், போட்ட கையெழுத்து அப்படி நிற்காது. லாரிக் கடனிலிருந்து கணவர் பெயரை விடுவித்து, லாரிகளையே ஈடாக வைத்து மறுகடன் எடுக்க முடியுமா என்று கொழுந்தன் இப்போதே விசாரிக்கட்டும். முகம் கோணினால், வங்கி அவரை நம்பாத இடத்தில் நீங்கள் மட்டும் நம்ப வேண்டும் என்று கேட்கிறார் என்று அர்த்தம்.

கடைசியாக அந்தக் காப்பீடு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கட்டினால்தான் அது கொஞ்சமாவது பேசும். உங்கள் வருமானமோ இரண்டு ஆண்டுகளில் நின்றுபோகக்கூடியது. முதல் ஆண்டுகளின் பணத்தில் பெரும்பகுதி தரகுக்கும் கட்டணத்துக்கும் போகும், சந்தை ஏறும்போது உங்கள் லாபத்துக்கு உச்சவரம்பு இருக்கும், நடுவில் நிறுத்தினால் ஒப்படைப்புக் கட்டணம் பிடிப்பார்கள். 2021 நவம்பரில் ஒரு நட்சத்திர வீரர் சம்பளத்தை பிட்காயினாக வாங்கப்போவதாக அறிவித்தபோதும் ஓய்வறைகளில் இதே உற்சாகம் இருந்தது. அதற்கடுத்த கோடையில் அதன் விலை மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பின்னர் ஏறியது உண்மைதான், ஆனால் நடுவில் வாடகை கட்ட வேண்டியிருந்தவருக்கு அந்த ஏற்றத்தால் பயன் இல்லை. அதற்குப் பதில், கணவர் கட்டும் ஒவ்வொரு டாலருக்கும் அணி இரண்டு டாலர் போடும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில், வரம்பு வரை கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. குழந்தைக்காக வேண்டுமானால், ஆண்டுக்குச் சிறு தொகையில் கிடைக்கும் வெறும் காலவரைக் காப்பீடு (டெர்ம் இன்ஷூரன்ஸ்) போதும்.

காப்பீட்டு முகவர் அடுத்த வியாழன் வீட்டுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வந்தால் காபி கொடுங்கள். மூன்றாம் ஆண்டில் கட்டுவதை நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற ஒரே எண்ணைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.