மூன்றாம் நாள் வெயிலை நம்பலாமா?

கேள்வி: வரும் ஜனவரியில் குடும்பத்துடன் குல்மார்க் செல்லவிருக்கிறோம். பனிச்சறுக்கு ஓரளவு பழகிய என் மகன், கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் அபர்வத் மலைக்கு ஏறி, பனிச்சறுக்குக்கு அனுமதித்த பகுதியின் எல்லைக் கொடிகளைத் தாண்டி இறங்க விரும்புகிறான். பனி பெய்து மூன்று நாளாகி, நல்ல வெயிலடிக்கும்போது, பிறர் இறங்கிய தடத்திலேயே போனால் ஆபத்தில்லை என்கிறான். இது சரியா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாதிதான் சரி. பனி கொட்டும்போதும் அதற்கடுத்த ஓரிரு நாட்களிலும் பனிச்சரிவு ஆபத்து மிகுதி என்பதும், பிறகு அது பெரும்பாலும் குறையும் என்பதும் உண்மையே. ஆனால் எப்போதும் குறைவதில்லை. காரணம், மேலே தெரியும் பனியில் அல்ல, அடியில் புதைந்திருக்கும் பழைய பனியில் இருக்கிறது.

குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாகப் படிந்து, பின்னர் மேகமற்ற கடுங்குளிர் இரவுகள் தொடர்ந்தால், தரையையொட்டிய பனி ஏறக்குறைய பூஜ்ஜிய டிகிரியிலும் மேற்பரப்பு அதைவிட மிகவும் குளிர்ந்தும் இருக்கும். அந்த வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலேறி, இடையிலுள்ள பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத, சர்க்கரை போன்ற மணிகளாக மாற்றிவிடுகிறது. அதன்மேல் புதுப்பனி கனமாக விழுந்து, காற்றில் இறுகி, பாளமாகிவிட்டால், பலவீனமான அடுக்கின்மேல் பாரம் ஏறிய நிலைதான். வாரக்கணக்கில் இது அப்படியே நிற்கலாம். மூன்றாம் நாள் வெயில் அதைச் சரிசெய்துவிடாது.

தடங்களும் சான்றல்ல. பாளத்தின் தடித்த பகுதியில் பத்துப் பேர் பத்திரமாகச் சென்றிருக்கலாம். பதினோராவது ஆள் அது மெலிந்திருக்கும் விளிம்பை மிதித்ததும் அடியடுக்கு நொறுங்கி, சரிவு முழுவதும் கண்ணாடிபோல் விரிசல் விடலாம். காலடியில் 'தொம்' என்று பனி அமுங்கும் ஓசையோ, ஓடும் விரிசலோ கண்டால் உடனே விலகிவிட வேண்டும். இவற்றைவிடத் தெளிவான எச்சரிக்கையை மலை தருவதில்லை. 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளே பாளம் பெயர மிகவும் ஏற்றவை. சறுக்குபவர்கள் ஆசைப்படுவதும் அவற்றைத்தான்.

அபர்வத்தின் அடிவாரத்திலுள்ள கிலன்மார்க்கில் 2010 பிப்ரவரியில் பயிற்சியிலிருந்த ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் இறந்தனர். 2024 பிப்ரவரியில் அதே பகுதியில் ஒரு ரஷ்யச் சறுக்கு வீரர் உயிரிழந்தார். ஆகவே, பழகியவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் வேண்டாம். பாரமுல்லா மாவட்டத்துக்கு வெளியாகும் பனிச்சரிவு எச்சரிக்கையை அன்றன்று பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அது பரந்த பகுதிக்கானது, உங்கள் மகன் நிற்கும் சரிவைப் பற்றி எதுவும் சொல்லாது.

கொடிகளைத் தாண்டியே தீருவான் என்றால், உள்ளூர் வழிகாட்டியுடன், ஒருவர் இறங்கியபின் மற்றவர் என்ற முறையில் போகட்டும். ஒவ்வொருவர் உடலிலும் புதைந்தவரைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவியும், முதுகுப் பையில் துழாவும் நீள்கோலும் மண்வாரியும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தவும் முன்பே பழகியிருக்க வேண்டும். புதைந்தவர் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ கால் மணி நேரத்திற்குப் பின் வேகமாகச் சரிகிறது; அதற்குள் கீழிருந்து மீட்புக் குழு வந்துசேர்வது அரிது என்பதால், தோண்டி எடுக்க வேண்டியவர்கள் உடன் சென்றவர்கள்தான்.